பனியாறே பார்க்காத வகுப்புக்குப் பனியாற்றுப் பாடம்

கேள்வி கேட்டவர் ஒன்பது முதல் பதினொன்றாம் வகுப்பு வரை புவியியல் நடத்தும் ஆசிரியர். பனியாற்று நிலவடிவங்களைக் காட்ட மாணவர்களை நேரில் அழைத்துப்போக வழியில்லை. கணினியும் இணையமும் இருக்கின்றன. மெய்நிகர் களப்பயணம் உண்மையிலேயே எதையாவது கற்றுக்கொடுக்குமா, இல்லை அழகான படக்காட்சியாக முடிந்துவிடுமா? நடத்துவதென்றால் எந்த இடங்கள், எந்தக் கருவிகள்? கடைசியில் மாணவர்கள் கற்றார்களா என்று எப்படிப் பார்ப்பது? இதுதான் அவர் கேட்டது.

கற்றுக்கொடுக்கும். ஆனால் பெரும்பாலான மெய்நிகர் களப்பயணங்கள் படக்காட்சியாகத்தான் முடிகின்றன என்ற உங்கள் சந்தேகமும் சரிதான். ஏன் அப்படி ஆகிறது என்பதை விளக்க, நேரில் போயும் பனியாற்றின் தடத்தைப் பார்க்காமல் திரும்பிய ஒருவரின் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

1831 ஆகஸ்டில் சார்லஸ் டார்வின், பீகிள் கப்பல் ஏறுவதற்குச் சில மாதங்கள் முன்னால், புவியியலாளர் ஆடம் செட்ஜ்விக்குடன் வேல்ஸில் கும் இட்வால் என்ற பள்ளத்தாக்குக்குப் போனார். இருவரும் அங்கே பாறை பாறையாகத் தேடினார்கள். தேடியது புதைபடிவங்களை. அவர்களைச் சுற்றிலும் பனிக்கட்டி கீறிய பாறைகள் இருந்தன. எங்கிருந்தோ வந்து குந்திய பெரும்பாறைகளும், பனியாறு சுமந்துவந்து விட்டுப்போன கல்லும் மண்ணுமான 'மொரைன்' மேடுகளும் இருந்தன. இருவர் கண்ணிலும் அவை படவில்லை. 1842இல் மறுபடி போனபோது டார்வினுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. தீயில் எரிந்த வீடுகூடத் தன் கதையை அந்தப் பள்ளத்தாக்கைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்காது என்று அவரே எழுதினார். நடுவில் பள்ளத்தாக்கு மாறிவிடவில்லை. 1837இல் லூயி அகாசி என்ற சுவிஸ் இயற்கை அறிவியலாளர் நியூஷாட்டெல் நகரில், ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதியைப் பனிக்கட்டி மூடியிருந்தது என்று பேசியிருந்தார். 1840இல் பிரிட்டனுக்கே வந்து அதற்கான தடயங்களைக் காட்டினார். டார்வினின் தலைக்குள் இப்போது ஒரு கேள்வி இருந்தது.

அவ்வளவு கூர்மையான கண்ணுக்கே நேரில் நின்றும் தெரியாதது, உங்கள் மாணவருக்குத் திரையில் சும்மா காட்டினால் தெரிந்துவிடாது. அதே சமயம், தலைக்குள் கேள்வி இருந்தால் திரையிலும் நிறையவே தெரியும். பயணத்தைத் திட்டமிடும்போது "எந்த இடத்தைக் காட்டலாம்" என்று யோசிக்காதீர்கள். "எந்தச் சச்சரவைத் தீர்க்கச் சொல்லலாம்" என்று யோசியுங்கள்.

முதல் பயணத்துக்கு நான் எப்போதும் சொல்வது சுவிட்சர்லாந்தின் ஆலெட்ச் பனியாறு. ஆல்ப்ஸ் மலையிலேயே நீளமானது, 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். கூகுள் எர்த்தைத் திறந்து கொன்கோர்டியாபிளாட்ஸ் என்ற இடத்துக்கு மேலே நில்லுங்கள். பல பனியாறுகள் ஒன்று கூடும் முச்சந்தி மாதிரியான இடம் அது. அங்கிருந்து கீழ்நோக்கி, வெள்ளைப் பனியின் நடுவே இரண்டு கருங்கோடுகள் சாலைக்கோடு போல் வளைந்து வளைந்து போவது தெரியும். அவை என்ன என்று சொல்லாதீர்கள். கேளுங்கள். வகுப்பில் "சாலை", "விரிசல்", "தண்ணீர் ஓடிய தடம்" என்றெல்லாம் பதில் வரும். கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போகச் சொல்லுங்கள். இரண்டு பனியாறுகளுக்கு நடுவே மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மலைமுனையில் கோடு போய் முடியும். இரு பக்கத்துப் பனியாறுகளும் ஓரங்களில் சுமந்துவந்த கல்லும் மண்ணும், அவை சேரும் இடத்தில் நடுவுக்கு வந்துவிடுகின்றன. அதுதான் நடு மொரைன். கோடுகளை எண்ணினால் பெரிய கிளைகள் எத்தனை என்று சொல்லிவிடலாம்: கோடு இரண்டு என்றால் கிளை மூன்று. இதைத் தாங்களே கண்டுபிடித்த பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தின் 'நடு மொரைன்' என்ற சொல்லை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே வராது.

அதே இடத்தில் இன்னொன்றையும் பார்க்கலாம். பனியாற்றின் இரு கரைகளிலும், பனிமட்டத்துக்கு மேலே, செடிகொடி அதிகம் இல்லாத வெளிறிய பட்டை ஒன்று ஓடும். அதற்கு மேலேதான் பச்சையும் கருத்த பாறையும் தொடங்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பனி அந்த எல்லைவரை நின்றது. பட்டையின் மேல்விளிம்பில் சுட்டியை வைத்து உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இன்றைய பனியின் மேற்பரப்பில் வையுங்கள். கழித்தால் எவ்வளவு பனி மெலிந்தது என்று வரும். கொன்கோர்டியாவில் மலையேறுபவர்களுக்கான குடில் ஒன்று இருக்கிறது. 1877இல் கட்டியபோது பனிமேற்பரப்புக்கு ஏறத்தாழ 50 மீட்டர் மேலே இருந்தது. பனி இறங்க இறங்க ஏணிப்படிகளைக் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டே போகிறார்கள். இன்று உயர வேறுபாடு 150 மீட்டரைத் தாண்டிவிட்டது. மாணவர்கள் கண்டுபிடித்த எண்ணும் இந்தக் கதையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். சுவிஸ் அரசின் நில அளவைத் துறையான சுவிஸ்டோப்போ, 1840களிலிருந்து வந்த தன் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்திப் பார்க்கும்படி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இந்தக் கணக்குக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

பனி இன்னும் இருக்கும் இடத்தில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் சர்க் (கிண்ணப் பள்ளம்), அரெட்டு (கத்திமுனை மலைமுகடு), கொம்புச் சிகரம், 'யு' வடிவப் பள்ளத்தாக்கு என்று வடிவங்களின் பட்டியலில் ஆரம்பிக்கின்றன. அவற்றைச் செதுக்கிய பனியாறு கடைசியில்தான் வருகிறது. அதனால் பல மாணவர்களுக்குப் பனியாறு என்பது நகராத பனிக்குவியல். உண்மையில் ஏறத்தாழ 30 முதல் 50 மீட்டர் தடிமன் வந்துவிட்டால் பனிக்கட்டி தன் எடையாலேயே இழைந்து நகரத் தொடங்குகிறது. அடியில் நீர் கசிந்தால் பாறைமேல் வழுக்கவும் செய்கிறது. அடிப்பனியில் பதிந்த கற்கள் உப்புத்தாள் போலப் பாறையைத் தேய்க்கின்றன. விரிசலில் உறைந்த பனி பாறைத்துண்டுகளைப் பிய்த்தெடுக்கிறது. தேய்ப்பது, பிய்ப்பது: இந்த இரண்டு வேலையும் புரிந்துவிட்டால் அரித்த வடிவங்கள் எல்லாமே அவற்றிலிருந்து வந்துவிடும்.

அடுத்து, பனி போய்விட்ட இடம். கலிபோர்னியாவின் யோசெமிட்டி. இங்கேயும் ஒரு பழைய சண்டை கிடைக்கிறது. மாநில நில ஆய்வின் தலைவர் ஜோசையா விட்னி, பள்ளத்தாக்கின் தரை திடீரென்று உள்ளே இறங்கியதால்தான் இவ்வளவு செங்குத்தான சுவர்கள் என்றார். அப்போது பட்டம் எதுவும் வாங்கியிராத ஜான் மியூர், பனியாறுதான் செதுக்கியது என்றார். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு விட்னியையும் மறுபாதிக்கு மியூரையும் கொடுத்துவிடுங்கள். கூகுள் எர்த்தின் கணினிப் பதிப்பில் ஒரு கோடு வரைந்து, அதன்மேல் உயர வெட்டுமுகம் கேட்டால் வரைபடமாகக் கிடைக்கும். பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு கோடு. அதில் ஓடும் மெர்செட் ஆற்றிலேயே இன்னும் கீழே, எல் போர்ட்டல் என்ற ஊரைத் தாண்டிய பகுதியில் இன்னொரு கோடு. மேலே அகன்ற 'யு', கீழே குறுகிய 'வி'. ஒரே ஆறுதான், ஆனால் பள்ளத்தாக்கை அகலமாக்கிய பனி ஓரிடத்தோடு நின்றுவிட்டது. விட்னி அணிக்கு இதை விளக்குவது கஷ்டம். பிரைடல்வெயில் அருவி 188 மீட்டர் உயரத்திலிருந்து ஏன் விழுகிறது என்பதும் அவர்களை மடக்கும்: பெரிய பனியாறு தன் பள்ளத்தாக்கை ஆழமாகத் தோண்டியது, பக்கத்துச் சிறு பள்ளத்தாக்கு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் மேலேயே தொங்கிப்போனது.

ஆனால் மியூர் அணியைச் சும்மா ஜெயிக்க விடாதீர்கள். அந்தத் தட்டையான தரையைப் பனி செதுக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டில் நிலநடுக்க அலைகளைக் கொண்டு ஆராய்ந்தபோது, உண்மையான பாறைத்தரை சில இடங்களில் ஏறத்தாழ 600 மீட்டர் ஆழத்தில் இருப்பது தெரிந்தது. மேலே கிடப்பதெல்லாம் பனி உருகிய பிறகு வந்து நிரம்பிய மண்ணும் மணலும். பாடப்புத்தகத்து 'யு' எழுத்தின் அடிப்பகுதி வண்டலால் ஆனது. திரை மேற்பரப்பை மட்டும்தான் காட்டும் என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்லும் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அங்குள்ள ஹாஃப் டோம் ('பாதிக் குவிமாடம்') என்ற பாறைமலையின் உச்சியையும் பனி மூடவே இல்லை. அந்த 'பாதி' பனி வெட்டியெடுத்த பாதி என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

டார்வினின் இரண்டாவது சறுக்கல் இன்னும் பயனுள்ளது. ஸ்காட்லாந்தில் கிளென் ராய் என்ற பள்ளத்தாக்கின் இரு சரிவுகளிலும் மூன்று கோடுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சாலை போட்டதுபோல் ஓடுகின்றன. ஊர் வழக்கில் அவை 'இணைச் சாலைகள்'. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 260, 325, 350 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. தென்னமெரிக்காவில் உயர்ந்தெழுந்த பழைய கடற்கரைகளைப் பார்த்துவிட்டு வந்திருந்த டார்வின், இவையும் கடற்கரைகளே என்று 1839இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். மறு ஆண்டே அங்கே வந்த அகாசி, பனியாறு பள்ளத்தாக்கின் வாயை அடைத்ததால் தேங்கிய ஏரியின் கரைகள் இவை என்றார். டார்வின் தன் தவற்றை ஒப்புக்கொள்ள இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முதல் தடவை அவருக்குக் கருத்தே இல்லாததால் கண் தெரியவில்லை. இரண்டாம் தடவை ஒரே கருத்தின்மேல் இருந்த மோகத்தால் தெரியவில்லை. மாணவர்கள் இரண்டு பள்ளத்திலும் விழுவார்கள். ஆகவே ஒரு விளக்கத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள்.

கிளென் ராயில் செய்ய வேண்டிய வேலை எளிது. ஒரு கோட்டின்மேல் பத்துப் புள்ளிகளில் உயரம் குறிக்க வேண்டும். நீர்க்கரை என்றால் உயரம் மாறக்கூடாது. மாறாது, சில மீட்டர் வித்தியாசம் தவிர. அந்தச் சில மீட்டர் கோட்டிலிருந்து வருகிறதா, உயரத் தரவின் பிழையிலிருந்து வருகிறதா என்று பேசுவதற்கே ஒரு வகுப்பு ஒதுக்கலாம். அளவீட்டுப் பிழை என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிப்போடுவதைவிட இது எவ்வளவோ மேல். பிறகு முக்கியமான கேள்வி: கடல் என்றால் அந்த மூன்று உயரங்கள் எதனோடும் பொருந்த வேண்டியதில்லை. ஏரி என்றால், நிரம்பி வழியும் நீர் வெளியேற ஒரு கணவாய் அதே உயரத்தில் எங்காவது இருந்தாக வேண்டும். தேடச் சொல்லுங்கள். மூன்று உயரங்களுக்கும் கணவாய்கள் கிடைக்கும். அகாசியின் பக்கம் தராசு சாயும் இடம் அது. மாணவர்கள் கூச்சல் போடுவதும் அங்கேதான். அந்த ஏரிகள் ஏறத்தாழ 12,900 முதல் 11,700 ஆண்டுகள் முன்பிருந்த கடைசிக் கடுங்குளிர்க் காலகட்டத்தைச் சேர்ந்தவை.

மேலே சொன்ன மூன்றும் நேரில் போனாலும் பார்க்கக்கூடியவை. திரையில் பார்ப்பதே மேல் என்று சொல்லத்தக்க நிலப்பரப்புகளும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கே 'சேனல்டு ஸ்கேப்லேண்ட்ஸ்' என்ற பகுதி, மண்ணெல்லாம் உரிந்து எரிமலைப்பாறை எலும்பாகத் தெரியும் நிலம். 1923இல் ஜே ஹார்லன் பிரெட்ஸ் என்ற புவியியலாளர், கற்பனைக்கெட்டாத ஒரு வெள்ளம் இதைச் செய்தது என்றார். பல புவியியலாளர்கள் அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கினார்கள். அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். பதில் கிழக்கே மொன்டானாவில் இருந்தது: பனித்தகடு ஓர் ஆற்றை அடைத்து உருவாக்கிய மிசூலா ஏரி, அணை உடைந்து பல முறை ஒரேயடியாகக் காலியானது. அதன் பழைய படுகையில், காமஸ் பிரேரி என்ற இடத்தில், நீரோட்டம் விட்டுப்போன அலைவரிகளை ஜோசப் பார்டி 1942இல் விவரித்தார். ஓடைமணலில் விரலளவு உயரத்தில் நாம் பார்க்கும் அதே வரிகள்தான், ஆனால் இங்கே ஒவ்வொன்றும் வீட்டளவு உயரம். நடந்துபோகிறவருக்கு அவை ஏற்ற இறக்கமான புல்வெளி, அவ்வளவுதான். மேலிருந்து பார்த்தால், காலை வெயிலில், ஒரு குழந்தைகூட "மணல் வரி மாதிரி இருக்கே" என்று சொல்லிவிடும். பிரெட்ஸுக்குக் கூகுள் எர்த் இருந்திருந்தால் நாற்பது வருட வசை மிச்சமாகியிருக்கும். 1979இல், 96 வயதில், அவருக்கு அமெரிக்கப் புவியியல் கழகத்தின் பென்ரோஸ் பதக்கம் கொடுத்தார்கள்.

டிரம்லின்களும் இந்த வகைதான். கவிழ்த்த கரண்டி போன்ற இந்தக் குன்றுகளில் ஒன்றின்மேல் நின்றால் சாதாரண மேடு. நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டருக்கும் சிராக்கியூசுக்கும் நடுவே ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. உயரத் தரவை நிழல்வரைபடமாக மாற்றிப் பார்த்தால் மீன்கூட்டம் ஒரே திசையில் நீந்துவதுபோல் இருக்கும். லைடார் தரவு கிடைத்தால் விடாதீர்கள். விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பி அளப்பதால், மரங்களைக் கணக்கில் நீக்கிவிட்டு வெறும் தரையை மட்டும் காட்டலாம். காட்டுக்குள் ஒளிந்திருந்த எஸ்கர்களும் (பனிக்கடியில் ஓடிய நீர் குவித்த நீண்ட மணல்மேடுகள்) மொரைன்களும் பல நாடுகளில் இப்படித்தான் வெளிப்பட்டன. வடதுருவப் பகுதிக்கு ஆர்க்டிக்டெம் என்ற 2 மீட்டர் துல்லிய உயரத் தரவு இலவசம்.

ஒரு சிறு எச்சரிக்கை. டிரம்லினில் பனி வந்த பக்கம் மொட்டையாகவும் போன பக்கம் சரிந்து நீண்டும் இருக்கும். ரோஷ் முட்டோனே என்ற தேய்ந்த பாறைத்திட்டில் நேர்மாறு: பனி வந்த பக்கம் தேய்ந்து வழவழப்பாக, போன பக்கம் பிய்த்தெடுத்துக் கரடுமுரடாக. ஒன்று பனியாறு குவித்து வடிவம் கொடுத்த மண், மற்றது பனியாறு குறைத்த பாறை. தேர்வில் அதிகம் குழம்புவது இங்கேதான். இரண்டையும் ஒரே நாளில் காட்டாதீர்கள். பாறைக்கீறல்களிலும் ஒரு நுணுக்கம் உண்டு: கீறல் கோட்டைச் சொல்லும், திசையைச் சொல்லாது. வடமேற்கு-தென்கிழக்காகக் கீறல் ஓடினால் பனி எந்த முனையிலிருந்து வந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டும். நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க்கில் அம்பயர் ராக் என்ற பாறையில் இந்தக் கீறல்கள் அருமையாக இருக்கின்றன. தரைமட்டப் புகைப்படங்களும் ஏராளம். உயரமான கட்டடங்கள் பின்னணியில் தெரிய, பனியாறு உரசிப்போன பாறையைப் பார்க்கும்போது மாணவர்களுக்கு ஒரு திடுக்கிடல் வரும்.

மெய்நிகர் பயணத்தின் இன்னொரு வசதி, ஒரே மணி நேரத்தில் கண்டம் தாண்டலாம். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பனிக்காலம் ஒன்று உண்டு. ஒடிசாவின் தால்சேர் பகுதியில், நுண்ணிய மண்ணுக்கு நடுவே பெரும்பாறைகள் புதைந்த படிவைப் பார்த்து, இது பனியின் வேலை என்று பிளான்ஃபோர்டு சகோதரர்கள் 1856லேயே எழுதினார்கள். வெப்பமண்டலத்தில் பனியா என்று கேட்கத் தோன்றும். தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லிக்கு அருகே நூய்ட்கெடாக்ட், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டுக்கு அருகே ஹாலட் கோவ், இரண்டிலும் அதே பனிக்காலத்தின் கீறிய பாறைத்தளங்கள் இருக்கின்றன. நூய்ட்கெடாக்டில், பனி வழவழப்பாக்கிய பாறைமேலேயே பழங்குடி மக்கள் பிற்காலத்தில் உருவங்கள் செதுக்கியிருக்கிறார்கள். இன்றைய உலக வரைபடத்தில் கீறல்களின் திசைகளைக் குறித்தால், சில இடங்களில் பனி கடலுக்குள்ளிருந்து நிலத்தின்மேல் ஏறி வந்ததுபோல் அபத்தமாகத் தெரியும். கண்டங்களைத் தாளில் வெட்டி ஒட்டவைத்தால் அபத்தம் தீரும். தென்கண்டங்கள் ஒரு காலத்தில் கோண்ட்வானா என்ற ஒரே நிலமாக இருந்தன என்பதற்கு, கண்டங்கள் நகர்கின்றன என்று வாதிட்ட வேகனர் காட்டிய சான்றுகளில் இதுவும் ஒன்று. பனியாற்றுப் பாடம் தட்டு நகர்வுப் பாடத்துக்குள் நுழையும் வாசல் இது.

இனி, திரை எங்கே ஏமாற்றும் என்பது. முதலில் உயர மிகைப்படுத்தல்: கூகுள் எர்த்தில் செங்குத்து உயரத்தைப் பெருக்கிக் காட்டும் அமைப்பு ஒன்று உண்டு. அதை ஒன்றில் வைத்தீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் சாதாரண மேடெல்லாம் மேட்டர்ஹார்ன் சிகரம் ஆகிவிடும். உயரத் தரவு கரடாக இருக்கும் பகுதிகளில் செங்குத்துச் சுவர்கள் உருகிய மெழுகுபோல் வழிந்து தெரியும். அது நிலவடிவம் இல்லை, கணினியின் இயலாமை. பக்கத்துப் பக்கத்துப் படங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்தவையாக இருக்கலாம். ஒட்டிய கோட்டைப் பனி விளிம்பு என்று குறித்த மாணவர்கள் உண்டு. படத்தின் தேதியை எழுதாமல் எந்த அளவீட்டையும் ஏற்காதீர்கள், ஏனென்றால் மே மாதப் படத்தில் பருவப்பனியும் பனியாறும் ஒரே வெள்ளை. கோடை முடிவுப் படமே நல்லது. இன்னொரு வேடிக்கை: வட அரைக்கோளத்தில் வெயில் தெற்கிலிருந்து விழும். வெளிச்சம் மேலிருந்து வருவதாக நம் மூளை எண்ணிப் பழகியது. அதனால் சில படங்களில் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தெரியும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் சரியாகிவிடும். இதை முதல் நாளே செய்துகாட்டிவிடுங்கள், பிறகு பாதி வகுப்பு எஸ்கரை வாய்க்கால் என்று எழுதாது.

காலவரிசைப் படங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. அலாஸ்காவின் மியூர் பனியாற்றை 1941 ஆகஸ்டிலும் 2004 ஆகஸ்டிலும் ஒரே இடத்திலிருந்து எடுத்த இரு படங்கள் புகழ்பெற்றவை. இடைப்பட்ட 63 ஆண்டுகளில் பனிமுனை 12 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியது, தடிமன் 800 மீட்டருக்கு மேல் குறைந்தது. படம் அதிரவைக்கும். ஆனால் இதைப் புவி வெப்பமாதலுக்கு நேரடிச் சான்றாகக் காட்டி நகர்ந்துவிடுவது நியாயமில்லை. கிளேசியர் பே விரிகுடாவில் பனி 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பின்வாங்கத் தொடங்கிவிட்டது. கடலில் முடியும் பனியாறுகள், தாங்கி நின்ற ஆழங்குறைந்த மேட்டை விட்டு ஆழ்நீருக்குள் பின்வாங்கிவிட்டால், தம் போக்கிலேயே வேகமாக உடைந்து போகும். 1980 வாக்கில் சரியத் தொடங்கிய, அலாஸ்காவிலேயே உள்ள கொலம்பியா பனியாற்றிலும் இந்த இயக்கம் பெரும்பங்கு வகித்தது. வெப்பமாதலைக் காட்ட வேண்டுமானால் நிலத்தில் முடியும் பனியாறுகள் பலவற்றை ஒன்றாகப் பாருங்கள். ஆலெட்ச் ஒன்று, ஐஸ்லாந்தின் ஓக்யோகுல் இன்னொன்று. பின்னதைப் பனியாறு என்று இனிச் சொல்ல முடியாது என 2014இல் அறிவித்து, 2019இல் நினைவுப்பலகையே வைத்துவிட்டார்கள். கூகுள் எர்த்தின் காலநகர்வுக் காட்சி 1984 முதல் இருக்கிறது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் கிடைக்கும். 10 மீட்டர் துல்லியம் போதும் என்றால் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களைக் கோப்பர்னிக்கஸ் உலாவி என்ற இணையதளத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

தலையில் மாட்டும் மெய்நிகர் கருவி வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். என் பதில்: இருந்தால் பயன்படுத்துங்கள், இதற்காக வாங்காதீர்கள். மாட்டிக்கொண்ட பிள்ளை குறிப்பு எழுத முடியாது, வரைய முடியாது, பக்கத்தில் இருப்பவரோடு வாதாட முடியாது. களப்பணியின் முக்கால் பங்கு இந்த மூன்றும்தான். திரையில் பார்ப்பதைத் தாளில் பென்சிலால் வரையச் சொல்லுங்கள், திரையைப் படம் பிடித்து ஒட்டுவதை ஏற்காதீர்கள். வரைகிற கைக்குத்தான் "இந்தக் கோடு இங்கே ஏன் நிற்கிறது" என்ற சந்தேகம் வரும். இரண்டு பேருக்கு ஒரு திரை என்பது நல்ல கணக்கு. அதே நேரம், கேள்வியே இல்லாமல் "சுற்றிப் பாருங்கள்" என்று விட்டுவிட்டால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகும். ஐந்தாவது நிமிடத்தில் எல்லாரும் தங்கள் வீட்டுக் கூரையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

திரையால் தரவே முடியாதவையும் உண்டு. பனியாற்றின்மேலிருந்து இறங்கி முகத்தில் அடிக்கும் குளிர்காற்று, பனி உள்ளுக்குள் முறியும் சத்தம். பாடத்துக்கு அதைவிட முக்கியமான இழப்பு, கையில் எடுத்துப் பார்ப்பது. பனியாறு நேரடியாகக் கொட்டிய டில் படிவில் களிமண் முதல் பெரும்பாறை வரை எல்லாம் கலந்து கிடக்கும். உருகிய நீர் கொண்டுவந்ததில் மணல் தனி, கூழாங்கல் தனி என்று சலித்துப் பிரிந்திருக்கும். இந்த வேறுபாடு கையில்தான் புரியும். ஒரு வாளியில் களிமண், மணல், சரளை மூன்றையும் கலந்து ஒன்றாகவும், அதே கலவையைச் சரிவான தட்டில் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டு ஒன்றாகவும் வையுங்கள். மணலும் சிறுகல்லும் போட்டு உறையவைத்த பனிக்கட்டியை ஒரு சோப்புக்கட்டியின்மேல் அழுத்தி இழுத்தால் கீறல் கிடைக்கும். சோப்பை மட்டும் வேறொருவர் கையில் கொடுத்து, எந்தப் பக்கம் இழுத்தார்கள் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். திணறுவார்கள். திணறட்டும். கீறல் திசையைச் சொல்லாது என்று மேலே சொன்னேனே, அது இங்கே கைக்கு வரும். முப்பரிமாணப் பாறைமாதிரிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் உள்ள பல்கலைக்கழக மையம் தன் பாறைமுகங்களை ஸ்வால்பாக்ஸ் என்ற பெயரில் திறந்து வைத்திருக்கிறது. திருப்பித் திருப்பிப் பார்க்கலாம், எடை மட்டும் தெரியாது.

எடை என்றதும் கனடாவில் ஓக்கோடோக்ஸ் நகருக்கு அருகே புல்வெளி நடுவே கிடக்கும் பெரும்பாறை நினைவுக்கு வருகிறது. 16,500 டன். ஜாஸ்பர் பகுதி மலையிலிருந்து பனியின் முதுகில் சவாரி செய்து வந்தது. அளவு புரிய வேண்டுமென்றால் எண்ணைச் சொல்லாதீர்கள்: 41 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம் என்று பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, அதற்குள் மாணவர்களை நிற்கவையுங்கள். திரையில் தொலைந்துபோகிற அளவு உணர்வை மீட்க எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

மதிப்பீட்டுக்கு வருகிறேன். பெயர் எழுதச் சொல்லும் படம் வேண்டாம். பெயரைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கலாம். அவர்கள் பார்த்தே இராத ஓரிடத்தைக் கொடுத்து, "பனி இங்கே என்ன செய்தது, எந்தத் திசையில் நகர்ந்தது, எதை வைத்துச் சொல்கிறீர்கள், எதில் உங்களுக்குச் சந்தேகம்" என்று நாலு கேள்வி கேளுங்கள். என் விருப்பம் அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கிளூ விரிகுடா. டிரம்லின்களுக்கு இடையே கடல் புகுந்ததால் குன்றுகளெல்லாம் தீவுகளாக நிற்கின்றன. ஆண்டுக்கு எத்தனை நாளோ அத்தனை தீவு என்று உள்ளூர்ப் பேச்சு. இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது: கடலைப் பார்த்த பக்கத்தை அலை தின்று, செங்குத்தாக வெட்டிவிட்டிருக்கிறது. மொட்டைப் பக்கம்தான் பனி வந்த பக்கம் என்று விதியை மனப்பாடம் செய்தவர், அலை வெட்டிய பக்கத்தைக் காட்டி "பனி கடலிலிருந்து வந்தது" என்று எழுதிவிடுவார். கரைக்குள், அலை தொடாமல் நிற்கும் டிரம்லின்களைத் தேடிப்போய் அளந்தவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். அளக்காவிட்டாலும் "இந்தச் செங்குத்து அலையால் வந்ததாக இருக்கலாம்" என்று சந்தேகப் பத்தியில் ஒரு வரி எழுதியவருக்குப் பாதிக்கு மேல் கொடுக்கலாம்.